சவர்க் கிணறும் கலாநிதிப் பட்டமும்

பூநகரிப் பக்கம் புதிதாகக் கிணறு வெட்டினால், முதலில் ஊறும் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். நன்னீரா, சவரா என்பதை நாக்குத்தான் முதலில் சொல்லும். கடலை அண்டிய மண்ணில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீற்றரை இறைத்து முடித்தால் கீழிருந்து உப்பு நாற்பது மீற்றர் ஏறும். மோட்டர் பூட்டி இறைப்பவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தண்ணீர் கரிக்கத் தொடங்கிய பிறகே தெரியவருகிறது.

இந்தக் கரிப்பு ஓர் இரசாயனக் கேள்வி. இதே மண்ணின் வயல்களில் நிற்கும் மொட்டைக்கறுப்பன் நெல் அந்தச் சவரை எப்படித் தாங்குகிறது என்பது ஓர் உயிரியல் கேள்வி. இரண்டுக்கும் விடை தேடுவதற்கு உலகில் பல ஆய்வுகூடங்கள் சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கின்றன. பூநகரிப் பக்கத்து ஜெயபுரத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளை அந்த இடங்களுக்குப் போவதற்கான வழி என்ன, அந்த வழி எங்கே அறுந்திருக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரை பார்க்க முயல்கிறது.

முதலில் ஒரு பெரிய தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் பெருஞ்செலவு என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, வெளிநாட்டிலுள்ள மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கைமாற்று வாங்கிப் போகும் படிப்பு அது. பாடநெறியாக நடத்தப்படும் முதுமாணிப் படிப்புகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மைதான். இரசாயனவியலிலும் உயிர் விஞ்ஞானங்களிலும் கலாநிதிப் பட்டம் அப்படியன்று. அது ஒரு வேலை. மேற்பார்வையாளருக்கு ஆய்வு செய்ய ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முதலாம் ஆண்டு மாணவரின் ஆய்வுகூட வகுப்பை நடத்த ஆள் வேண்டும். அதற்காகக் கற்கைக் கட்டணத்தை நீக்கி, மாதப்படியும் தருகிறார்கள். விஞ்ஞானத் துறையில் சொந்தக் காசில் கலாநிதிப் பட்டம் படிக்கச் சொன்னால் அந்த இடத்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

பிறகு ஏன் இது கிளிநொச்சியில் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது? காரணம் சிக்கலானதன்று. நகரங்களில் பதாகை கட்டி நிற்கும் கல்வி முகவர்களுக்கு மாணவர் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு தரகாகக் கிடைக்கிறது. கட்டணமே இல்லாத இடத்தில் தரகும் இல்லை. அதனால் அந்த இடத்தைப் பற்றி விளம்பரம் வராது, கண்காட்சி வராது, தொலைபேசி அழைப்பும் வராது. ஏற்கனவே போனவர் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். பேராதனையிலும் கொழும்பிலும் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் பெறும் வகுப்புகளுக்கு இந்த வாய்மொழி உண்டு. மூத்த மாணவர் ஒருவர் அமெரிக்காவுக்குப் போவார். அடுத்த ஆண்டு அவர் சொல்லி இருவர் போவார்கள். பத்து ஆண்டில் அது ஒரு பாதையாகிவிடும். வன்னியில் அந்தப் பாதை போடப்பட வேண்டிய ஆண்டுகளில் போர் நடந்தது. 2008இன் பிற்பகுதியில் பூநகரியிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மர நிழலிலும் பிறகு முகாமிலும் படித்தார்கள். அவர்களுக்கு முன்னே போய் வழி சொல்ல அண்ணன்மாரோ அக்காமாரோ இருக்கவில்லை.

இந்த மண்ணுக்கு இரசாயனம் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்வதற்காக 1950களில் பரந்தனில் அரச இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தினால் ஒரு முனையில் குளோரீனும் மறுமுனையில் ஐதரசனும் வெளிவரும், கரைசலில் எரிசோடா எஞ்சும். உயர்தரப் பாடப்புத்தகத்தில் இன்றும் உள்ள அந்த மின்பகுப்பு, ஒரு காலத்தில் இந்த மாவட்டத்துத் தொழிலாளர் மூன்று நேர மாற்றில் நடத்திய அன்றாட வேலை. 1980களின் நடுப்பகுதியில் போர் அதை நிறுத்தியது. பரந்தன் என்ற பெயர் தாங்கிய அரச நிறுவனம் அதன் பின்னர் குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீனை இறக்குமதி செய்து விநியோகித்து வருகிறது. இன்னும் பின்னே போனால், மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற தமிழ் இரசாயன நூல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ்ப் பிள்ளை இரசாயனத்தைத் தன் மொழியில் படித்து நூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. ஆய்வை வேறு யாரோ செய்வார்கள் என்று அவள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இனி வழியை அடியிலிருந்து பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழுநாட்டுத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற பங்கீடு நீண்ட காலமாக உள்ளது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். உயிரியல் பிரிவில் எல்லாருக்கும் ஒரே கனவு மருத்துவபீடம்தான். அது கிடைக்காவிட்டால் தோற்றுவிட்டதாகவே பிள்ளையும் நினைக்கும், பெற்றோரும் நினைப்பார்கள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று பரீட்சை எழுதி, கடைசியில் உயிரியல் விஞ்ஞானத்துக்கோ விவசாயத்துக்கோ மனமில்லாமல் வந்து சேர்கிறார்கள். ஆய்வுக்கான கதவு உண்மையில் திறந்திருப்பது இந்தப் பீடங்களில்தான். மருத்துவப் பட்டம் பெற்றவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றவருக்கு உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் திறந்திருக்கின்றன. எது உயர்ந்தது என்ற பேச்சு தேவையில்லை. இரண்டாவதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. அதன் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பம்பைமடுவில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பரந்தனில் விவசாயத் திணைக்களத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆக, வன்னியில் நிறுவனங்கள் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்பதுதான் அது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முன்னது 5ஆம் மட்டம், பின்னது 6ஆம் மட்டம். நான்காம் ஆண்டில் செய்யும் ஆய்வுச் செயற்றிட்டமே ஒரு மாணவி ஆய்வுகூடத்தில் தன் கையால் ஒரு கேள்வியைத் துருவும் முதல் தருணம். வெளிநாட்டுப் பேராசிரியர் அவளுடைய புள்ளிகளைப் பார்ப்பதைவிட அந்த ஆய்வைப் பற்றித்தான் அதிகம் கேட்பார். அதனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு வரும்போது, விரைவில் வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக மட்டும் பொதுப் பட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. வீட்டு நிலைமை அப்படி நிற்கச் சொல்லும் குடும்பங்கள் பல உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

நாட்டுக்குள்ளேயே ஆய்வுப் பட்டம் செய்வதற்குப் பேராதனையில் இரண்டு பட்டப்பின்படிப்பு நிறுவகங்கள் இருக்கின்றன: 1975இல் தொடங்கிய விவசாய நிறுவகமும் 1996இல் தொடங்கிய விஞ்ஞான நிறுவகமும். கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1981 முதல் இருக்கிறது. அங்கே ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து பேராதனையில் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்வது பலர் நடந்த வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனம், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கெனத் தனி நிறுவகம் உண்டு. ஹோமாகமவிலுள்ள நனோ தொழில்நுட்ப நிறுவகம் 2008இல் தொடங்கியது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆராய்ச்சி நிறுவகங்களும் பட்டதாரிகளை எடுக்கின்றன. தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தரும் மானியங்களில் ஆய்வு உதவியாளருக்கான படி அடங்கியிருக்கும். படி சிறியது. மானியம் முடிந்தால் படியும் முடியும். ஆய்வு மட்டும் முடிந்திருக்காது. 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றபோது டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியது. ஆய்வுகூட இரசாயனங்களும் நொதியங்களும் இறக்குமதிப் பொருட்கள். அந்த ஆண்டு தொடங்கிய ஆய்வுகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உள்நாட்டு ஆய்வுக்கு ஒரு பெரிய பலமும் உண்டு: கேள்வி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பனம்பழம் ஏன் காறுகிறது என்பது வடக்கில் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். பினாட்டுப் போடுகிறவர்கள் காறாத மரத்தின் பழத்தைத் தேடிப் பொறுக்குவார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். யான்ஸும் அவரது மாணவர்களும் அந்தக் காறலைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வேலை செய்தார்கள். பனங்களியிலுள்ள பிளாபெலிபெரின் என்ற ஸ்ரீரொயிட் சபோனின்கள்தான் கசப்புக்குக் காரணம் என்றும், அவற்றில் சில நுண்ணங்கிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன என்றும், ஆய்வு எலிகளின் குருதி வெல்லத்தைப் பாதிக்கின்றன என்றும் கண்டு எழுதினார்கள். நம் வீட்டு முற்றத்துப் பனம்பழத்திலிருந்து பட்ட ஆய்வுகளும் சர்வதேசக் கட்டுரைகளும் பிறந்திருக்கின்றன. வடக்கில் எத்தனையோ பேர் இதை அறியமாட்டார்கள். பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுத்தால் ஆய்வு என்பது என்னவென்று பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

மொட்டைக்கறுப்பனும் அப்படியான ஒரு கேள்விதான். கேரளத்துப் பொக்காளி நெல்லில் உப்பைத் தாங்கும் பண்போடு தொடர்புடைய பகுதி முதலாம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் கண்டார்கள். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் அதை வைத்துப் பல இனங்களை உருவாக்கியது. அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 என்ற நம் நாட்டு இனமும் பொக்காளியின் வழி வந்ததே. பூநகரி வயலில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் நெல்லுக்குள் இருப்பதும் அதே பகுதியா, வேறொன்றா? உப்பை வேரிலேயே தடுக்கிறதா, இலையில் ஒதுக்கி வைக்கிறதா? ஒரு கலாநிதி ஆய்வுக்கு இது போதுமானது. இரண்டுக்கும் போதும். வவுனியாவின் தெற்கிலும் பதவியா எல்லையிலும் 1990களிலிருந்து விவசாயிகளைச் சாய்த்துவரும் காரணம் துலங்காத சிறுநீரக நோய் இன்னொன்று. கடின நீர், புளோரைட், களைகொல்லி, வெயிலில் நீரிழப்பு என்று பல கருதுகோள்கள் எழுந்தன. 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்து, 2018இல் தளர்த்தினார்கள். நீரில் எது, எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற நீண்டகால அளவீடுகள் இல்லாமல் இந்த வாதம் தீராது. அளப்பது இரசாயனவியலாளரின் வேலை.

வெளிநாட்டு வழிகளில் நம் பட்டதாரிக்கு மிகவும் பொருந்துவது இதுவரை அமெரிக்கா. அங்கே முதுமாணி இல்லாமலே நான்கு ஆண்டு விஞ்ஞானமாணியிலிருந்து நேரே கலாநிதிப் படிப்பில் சேரலாம். ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். முதலிரு ஆண்டுகள் பாடங்களும், இளமாணி மாணவருக்கு ஆய்வுகூட வகுப்பு எடுக்கும் கற்பித்தல் உதவியாளர் வேலையும் இருக்கும். உயிர் விஞ்ஞானத் துறைகளில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்துவிட்டு மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யும் முறையும் உண்டு. நம் மாணவர்களுக்கு இது பெரிய நன்மை, ஏனெனில் இங்கிருந்து போகும்போது யாருடைய ஆய்வுகூடம் எப்படிப்பட்டது என்று தெரியாது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். கிடைத்த இடத்தை ஏற்பதா என்று மாணவர் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பம் ஒன்றுக்கு 75, 100 டொலர் என்று கட்டணம் கேட்பார்கள். ஐந்து இடத்துக்குப் போட்டால் இலங்கைக் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல். இங்கேதான் வன்னிப் பிள்ளை நின்றுவிடுகிறாள். பல துறைகள் கேட்டால் இந்தக் கட்டணத்தை விலக்கித் தரும். பட்டப்பின்படிப்பு அலுவலகத்துக்கு இரண்டு வரிக் கடிதம் போதும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜி.ஆர்.ஈ. பரீட்சையையும் 2020க்குப் பின் பல துறைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் 2025இல் அமெரிக்க அரசு ஆய்வு நிதியை வெட்டியதால் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, சில கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றன. ஒரே நாட்டை நம்பி இருப்பது இனிப் புத்தியன்று.

ஜேர்மனியிலும் சுவீடன், நோர்வேயிலும் கலாநிதி மாணவர் ஓர் ஊழியர். வேலை ஒப்பந்தம், சம்பளம், விடுமுறை எல்லாம் உண்டு. இடங்கள் வேலைவாய்ப்பு விளம்பரமாகவே வெளிவரும். ஜேர்மனியில் இரசாயன, உயிரியல் துறைகளில் அரச ஊதிய அட்டவணையின் 13ஆம் படியில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம் தருவது வழக்கம். பெரும்பாலும் முதுமாணி கேட்பார்கள். அதனால் இங்கே முதுதத்துவமாணி முடித்தவருக்கு இந்த வழி நன்றாகத் திறக்கும். பிரித்தானியாவில் அரச ஆய்வு மன்றங்களின் படி 2025–26இல் ஆண்டுக்கு 20,780 பவுண். ஆனால் அந்த இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 வீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை. இங்கேயே பதிவு செய்துகொண்டு, கருவி இருக்கும் பிரித்தானிய ஆய்வுகூடத்தில் 12 மாதம் வரை வேலை செய்யும் பொதுநலவாயப் புலமைப்பரிசில் முறை, பிள்ளைகளை விட்டு நீண்ட நாள் போக முடியாத விரிவுரையாளர்களுக்கு உதவியிருக்கிறது. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் கட்டணம், மாதப்படி, போகவர விமானச் சீட்டு எல்லாவற்றையும் தரும். கனடாவில் ஆய்வேட்டு முதுமாணிக்கே படி கிடைக்கும். ரொறன்ரோவில் உறவினர் வீடு இருக்கும் பிள்ளைக்குப் பெற்றோரின் பயமும் பாதியாகக் குறையும்.

அருகில் இருக்கும் இந்தியாவை நம் மாணவர்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத ஒன்று. அங்குள்ள ஆய்வு மாணவருக்கான பெரிய அரச உதவித்தொகைகள் இந்தியக் குடிமக்களுக்கே உரியவை. ஆனால் இந்திய கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் இலங்கையருக்கு உண்டு. 1983இல் அப்துஸ் சலாம் தொடங்கிய உலக விஞ்ஞானக் கழகம், இந்திய விஞ்ஞான கைத்தொழில் ஆய்வு மன்றத்தோடும் உயிர்த்தொழில்நுட்பத் திணைக்களத்தோடும் சேர்ந்து வளரும் நாட்டு மாணவருக்கு இடங்களை அறிவித்து வந்திருக்கிறது. அந்த மன்றத்தின் கீழ்தான் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. உப்பு, கடல் இரசாயனங்களுக்கான நிறுவனம் பவநகரில் இருக்கிறது, அதன் கடற்பாசி ஆய்வு நிலையம் மண்டபத்தில். பூநகரிக் கரையிலிருந்து பாக்கு நீரிணைக்கு அப்பால்! பரந்தன் தொழிற்சாலையின் நினைவும் ஆனையிறவு உப்பும் உள்ள ஒரு மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் வேறெங்கே?

எந்த நாடானாலும் கதவைத் தட்டுவது ஒரு கடிதம். நம் மாணவர்கள் எழுதும் கடிதங்கள் பலவற்றில் பணிவு நிறைய இருக்கும், விஷயம் இராது. ‘மதிப்புக்குரிய ஐயா, எனக்குத் தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்’ என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதால் பயனில்லை. அந்தப் பேராசிரியரின் அண்மைக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதில் விடுபட்ட ஒன்றைச் சுட்டி, நான்காம் ஆண்டில் நான் இன்னதைச் செய்தேன், இன்ன கருவியைக் கையாண்டேன் என்று பத்து வரியில் எழுதினால் பதில் வரக்கூடும். பத்துக்கு ஒன்று வந்தாலும் நல்லதுதான். பரிந்துரைக் கடிதங்கள் மூன்று வேண்டும். இந்த இடத்தில் நம் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவி கொண்டுவரும் வரைவில் கையெழுத்திட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டு, அவள் ஆய்வுகூடத்தில் செய்ததை உங்கள் சொல்லில் எழுதுங்கள். தெரிவுக்குழு அந்த வித்தியாசத்தை முதல் பந்தியிலேயே கண்டுவிடும்.

பட்டம் முடிந்து இந்தக் கடிதங்களுக்குப் பதில் வரும்வரை ஓரிரண்டு ஆண்டுகள் ஆகும். ஜெயபுரத்துப் பிள்ளையின் பாதை அறுவது இந்த இடத்தில்தான். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ தற்காலிக செய்விளக்குநராகவோ ஆய்வு உதவியாளராகவோ சேர்ந்தால் கருவிகளில் கை பழகும், கட்டுரை ஒன்றும் வரலாம். ஆனால் வாடகை அறையில் இருக்க அந்தப் படி போதாது, வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. பட்டதாரி ஆசிரியர் நியமனம் வந்தால் வீடு அதைத்தான் ஏற்கச் சொல்லும். பெண்பிள்ளை என்றால் அதே நேரத்தில் கலியாணப் பேச்சும் வரும். உயிர் விஞ்ஞான வகுப்புகளில் பெண்களே அதிகம் என்பதை நினைத்தால், இந்த இரண்டு ஆண்டுகளில் இழக்கப்படும் ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று மனம் கனக்கிறது. வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் பள்ளிக்கூடங்களுக்கு மதில் கட்டுகின்றன, நல்ல காரியம். ஆண்டுக்கு இரண்டு பட்டதாரிகளுக்கு இந்தக் காலத்து வாடகையையும் விண்ணப்பக் கட்டணத்தையும் ஏற்றால், ஒரு மதிலின் செலவுக்குள் பல கலாநிதிகள் உருவாவார்கள்.

காலம் பிந்திவிட்டது என்று எண்ணுபவர்களுக்கு சிறில் பொன்னம்பெருமாவின் வாழ்க்கையைச் சொல்லலாம். காலியில் 1923இல் பிறந்தவர், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்றார். அதன்பின் லண்டனில் இரசாயனம் படித்து 1959இல் பட்டம் பெற்றபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1962இல் பெர்க்லியில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம். பிறகு நாசாவில் உயிரின் தோற்றத்துக்கான இரசாயனத்தை ஆராய்ந்து, மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்ட குழுவை நடத்தினார். 1984இல் இங்கே வந்து அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்தார்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வைப் பற்றி நம்மிடையே இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. அது ஒரு பட்டமன்று, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையான ஆய்வு வேலை. பேராசிரியரின் மானியத்திலிருந்து சம்பளம் வரலாம். அல்லது தானே போட்டியிட்டுப் பெறும் நிதியில் போகலாம். ஜேர்மனியின் ஹம்போல்ற் நிதி, ஐரோப்பாவின் மேரி கியூரி நிதி, பிரித்தானிய றோயல் சொசைற்றியின் நியூட்டன் நிதி, மாதம் 362,000 யென் தரும் ஜப்பானிய விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கத்தின் நிதி ஆகியவை நாடு பார்க்காமல் தருபவை. மேரி கியூரி நிதிக்கு விண்ணப்பிப்பவர், தான் ஆய்வு செய்யப் போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஆகவே இலங்கையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது தடையே அன்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பிறகு உயிரியலை மீண்டும் மாணவராகப் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் ஆய்வாளராக 1978இல் ரைபோசோமைக் கையிலெடுத்தார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. 2009இல் அதே ரைபோசோமுக்காக இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றார். பட்டப்பின் ஆய்வு துறையையே மாற்றிக்கொள்ளும் சந்தி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அந்தச் சந்தியில் பலர் ஆண்டுக்கணக்காக நின்றுவிடுகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இரசாயனத்தில் தொழிற்துறை சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். உயிர் விஞ்ஞானத்தில் காத்திருப்பு நீளும்.

நம் பல்கலைக்கழக அமைப்பில் இந்தப் படிக்கட்டே ஏறக்குறைய இல்லை. உலகில் பெரும்பாலான இடங்களில் கலாநிதிப் பட்டம், பட்டப்பின் ஆய்வு, பிறகு ஆசிரியப் பதவி என்று வரிசை போகும். இங்கே முதல் வகுப்பில் சித்தியெய்தியவரைத் தகுதிகாண் விரிவுரையாளராக எடுத்து, பிணை எழுதி வாங்கி, சம்பளத்தோடு கலாநிதிப் பட்டத்துக்கு அனுப்புகிறோம். அவர் பட்டத்தோடு உடனே திரும்ப வேண்டும்; அந்த நேரம்தான் சொந்தக் கேள்வியைத் தொடங்கப் பட்டப்பின் ஆய்வு தேவைப்படும் நேரம். மறுபுறம், சொந்த முயற்சியில் போய்ப் பத்து ஆண்டு ஆய்வு செய்தவர் திரும்ப நினைத்தால் அவருக்கென்று வெற்றிடம் அரிது. ஆய்வுப் பட்டத்தோடு வருபவரை முதுநிலை விரிவுரையாளராகச் சேர்க்க விதி இடம் தருகிறது. ஆனால் அவருக்கு ஒரு மேசையும் ஒரு குளிர்பெட்டியும் ஆய்வைத் தொடங்கச் சிறு நிதியும் தர எந்த விதியும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நோர்வேயின் மேற்குப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு தூய சக்திக்கான நனோ பொருட்களில் நடத்திய கூட்டுத்திட்டம், மாணவரும் ஆசிரியரும் இரு பக்கமும் போய்வரும் வழியைக் காட்டியது. அதே போன்ற ஒன்று நீருக்கும் நெல்லுக்கும் அறிவியல் நகரில் வர வேண்டும்.

அதற்குக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. உயர்தர இரசாயனம் படிக்கும் எந்தப் பிள்ளையும் வெள்ளி நைத்திரேற்றைக் கொண்டு நீரிலுள்ள குளோரைட்டை நியமித்து அளக்கப் பழகிக்கொள்ளலாம். மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி ஒன்றைப் பள்ளிக்கூடம் வாங்கலாம். ஊரில் பத்துக் கிணறுகளைக் குறித்து, மாதம் ஒரு முறை, அதே நாள், அதே நேரம், நீர்மட்டம் எத்தனை அடி, கடத்துதிறன் எவ்வளவு, குளோரைட் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மாரி முடிந்த பெப்ரவரியில் ஓர் எண் வரும், கோடை முற்றிய செப்டெம்பரில் வேறோர் எண் வரும். எழுதும் பிள்ளை பல்கலைக்கழகம் போனால் அடுத்த வகுப்புப் பிள்ளை எழுதும். உயர்தரம், பட்டம், இடைக்காலம், கலாநிதி ஆய்வு, பட்டப்பின் ஆய்வு என்று கூட்டினால் அந்த முதல் பிள்ளை முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதில் திரும்பி வருவாள். அப்போது ஜெயபுரத்தில் அவளுக்குப் பதினைந்து ஆண்டுக் கிணற்றுக் கணக்கு எழுதியபடி இருக்கும்.